கிழிந்துபோன கடைசித் தாள்

வணக்கம் நண்பர்களே. இன்று முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம், இதோ என் கையில் இருக்கும் இந்தப் புத்தகம். ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’, மூன்று பாகக் கற்பனைக் கதை ஒன்றின் கடைசிப் பாகம், 2000-ல் வந்தது. பழைய புத்தகக் கடையில் 220 ரூபாய். கடைக்காரர் 300 சொன்னார், நான் 150-ல் தொடங்கினேன், பாதி வழியில் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன். ஆக, டீயோடு சேர்த்து 232.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த நாவலை எடுத்தாலும் முதலில் நன்றியுரையைத்தான் படிப்பேன். வீட்டுக்கு வந்து பின்னட்டையைத் திறக்கிறேன், நன்றியுரை இருக்கவேண்டிய தாள் இல்லை! யாரோ அளவுகோல் வைத்ததுபோல நேராகக் கிழித்திருக்கிறார்கள். கதையில் ஒரு வரிகூடச் சேதமில்லை. மளிகைச் சீட்டு எழுதக் கிழித்தார்களோ என்னவோ. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “கதை முழுசாக இருக்கிறது அல்லவா, அப்புறம் என்ன சார்?” என்கிறார்.

அப்புறம் என்னவா? அந்தப் பக்கத்தில்தானே ஐயா புல்மன் தன் திருட்டை ஒப்புக்கொள்கிறார்! தான் படித்த ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் திருடியிருப்பதாகக் கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார். வண்ணத்துப்பூச்சிபோல வாசி, தேனீபோல எழுது என்பது அவருடைய கொள்கை. தன் கதையில் தேன் இருந்தால் அது தன்னைவிடச் சிறந்தவர்களிடம் கிடைத்தது என்கிறார். இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான பணிவு என்று நானும் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. மூன்று பேருக்குப் பெரிய கடன் என்று பெயர் சொல்கிறார்: ஆங்கிலக் கவிஞர்கள் மில்டன், வில்லியம் பிளேக், ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட்.

கிளைஸ்ட் எழுதியது பொம்மலாட்டத்தைப் பற்றிய ஒரு சின்னக் கட்டுரை, 1810-ல். அதில் ஒரு கரடி வருகிறது. வாள்வீச்சில் தேர்ந்த ஒருவன் அதன்மேல் பாய்கிறான், எல்லா வீச்சையும் கரடி பாதத்தால் தட்டிவிடுகிறது. அவன் வீசுவதுபோலப் பாசாங்கு காட்டினால் அசையவே அசையாது. இப்போது புல்மன் கதையின் முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள், 1995-ல் வந்த ‘நார்தர்ன் லைட்ஸ்’. கதாநாயகியான சிறுமி லைரா குச்சியை வைத்துக்கொண்டு இயோரெக் என்ற கரடியை ஏமாற்றப் பார்ப்பாள், முடியவே முடியாது. அதே கரடி! நன்றியுரை மட்டும் இல்லையென்றால் எனக்குக் கிளைஸ்ட் என்ற பெயரே தெரிந்திருக்காது.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். அதே பக்கத்தில், எழுதும் தாள் தீரும் நிலைக்கு வந்தபோது இரண்டு துளை போட்ட தாளைத் தேடிக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி சொல்கிறார். கதை சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் போய் உட்கார்ந்து எழுதிய காப்பிக் கடைக்கும் நன்றி. மில்டனுக்கும் துளைத்தாளுக்கும் ஒரே பக்கம். இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிடிக்காதது எது என்று கேட்டால், ‘இதுவரை யாரும் கண்டிராத கற்பனை உலகம்’ என்று பின்னட்டையில் போடுவது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1968-லேயே தன் நாவலில், ரோக் என்ற கற்பனைத் தீவில் மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளி கட்டிவிட்டார். 1997-ல் ஹாரி பாட்டர் வந்தபோது, இது எவ்வளவு புதுமை என்று விமர்சகர்கள் வியந்ததுதான் அவருக்குத் திகைப்பாக இருந்தது. ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் தன்னிடமிருந்து திருடியதாக லெ குயின் நினைக்கவில்லை. முன்னோடிகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பெருந்தன்மை காட்டியிருக்கலாம் என்றார். நான் லெ குயின் கட்சி. ஆனால் கமெண்டில் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், ரௌலிங் யாரையுமே சொல்லவில்லை என்பதும் தவறு. எலிசபெத் கௌஜ் எழுதிய ‘தி லிட்டில் வொயிட் ஹார்ஸ்’ என்ற சிறுவர் நாவல் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைப் பதார்த்தம் பதார்த்தமாக வர்ணிக்கும் வழக்கத்துக்கு அதுதான் வழிகாட்டி.

அடுத்து, என் தவறு ஒன்று. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் பற்றிய என் பழைய காணொளியில், அந்தக் கதையில் பிணங்கள் மிதக்கும் சதுப்பு நிலம் முழுக்க முழுக்க முதல் உலகப்போரில் பிரான்சின் சொம் போர்க்களம்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். டோல்கீனே 1960-ல் ஒரு கடிதத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். சொம்முக்குக் கொஞ்சம் கடன், பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் வில்லியம் மாரிஸுக்கு அதைவிட அதிகம் என்கிறார். புத்தகங்களின் பெயரையும் தருகிறார், ஒன்று ‘தி ஹவுஸ் ஆஃப் தி வுல்ஃபிங்ஸ்’. 1914-ல் கல்லூரியில் கிடைத்த 5 பவுண்டு பரிசுப் பணத்தில் அவர் வாங்கியவற்றில் அதுவும் இருந்தது. போரில் நேரில் நின்றவர், படித்த புத்தகத்துக்குப் பெரிய பங்கைக் கொடுக்கிறார். நான் அந்தக் காணொளியின் கீழே திருத்தம் போட்டுவிட்டேன்.

டோல்கீனின் நண்பர், நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் இன்னும் ஒரு படி மேல். 1916-ல் இங்கிலாந்தின் லெதர்ஹெட் ரயில் நிலையப் புத்தகக் கடையில், ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் ‘ஃபான்டஸ்டீஸ்’ நாவலை வாங்கினார். முப்பது ஆண்டு கழித்து மெக்டொனால்டின் எழுத்திலிருந்து ஒரு தொகுப்பே வெளியிட்டார். இவர்தான் என் குரு, இவரை மேற்கோள் காட்டாமல் நான் ஒரு புத்தகமும் எழுதியதில்லை என்று முன்னுரையில் எழுதினார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

சரி, தாள் என்ன ஆனது? நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. ஜெராக்ஸ் இயந்திரம் பழுது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கையாலேயே எழுதிவிட்டேன், இதோ பாருங்கள். வேண்டுமென்றே இரண்டு துளை போட்ட தாளில்! பசை காய்ந்துகொண்டிருக்கிறது. ஓரம் கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை.

அடுத்த வாரம் ‘ஃபான்டஸ்டீஸ்’ படிக்கப்போகிறேன். பழைய பிரதிதான், இணையத்தில் ஒருவர் விற்கிறார். கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். முன்னட்டையை மூன்று கோணத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறார்.