மூடிச் சொல்லும் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். 'கால் கழுவி வந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கே போய் வந்தார் என்று நாம் துருவிக் கேட்பதில்லை. சபையில் சொல்லக் கூசும் சொல் இடக்கர். அதை அடக்கி வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்குப் பக்கத்திலேயே மங்கலத்தையும் வைத்தார். இறந்தவரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். முன்னது கூச்சத்தில் பிறந்தது. பின்னது அச்சத்தில் பிறந்தது.

அச்சம் எல்லா மொழிக்கும் பொது. ரஷ்ய மொழியில் கரடியின் பெயருக்குத் 'தேன் தின்னி' என்பதே வேர்ப்பொருள். உண்மைப் பெயரைச் சொன்னால் கரடியே வந்து நின்றுவிடும் என்று பயந்து, பழைய பெயரைக் கைவிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள் மொழியியலாளர்கள்.

ஆனால் இந்தப் போர்வைகள் சீக்கிரம் கிழிந்துவிடுகின்றன. டச்சுக்காரர்கள் வழியாக வந்த கக்கூஸ் என்ற சொல்லுக்கு இன்று முகம் சுளிக்கிறோம். அதை விட்டுக் கழிப்பறை என்றோம். அதிலும் கழிப்பது தெரிகிறதே என்று பாத்ரூம் என்றோம். இப்போது ரெஸ்ட் ரூம். அங்கே யார் ஓய்வெடுக்கிறார்களோ! சொல்லை மாற்ற மாற்ற, நாற்றமும் பின்னாலேயே வந்து சேர்கிறது. தொல்காப்பியர் இதற்கு அன்றே கடிவாளம் போட்டார்: 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்.' பேசிப் பழகிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்பது பொருள்.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம் அதை 'மறுசீரமைப்பு' என்கிறது. குண்டு விழுந்து குழந்தைகள் செத்தால் படைத் தலைமை 'பக்கச் சேதம்' என்கிறது. கேட்பவர் மனம் நோகக் கூடாது என்று வந்த வழக்கத்தை, செய்தவர் தம் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்டார்கள். இதை இடக்கரடக்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்லெண்ணத்தோடு மூடினாலும் சில நேரம் தவறிப்போகிறது. என் பெரியப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, மருத்துவர் பெரியம்மாவிடம், "வீட்டுக்கு அழைத்துப் போங்கள் அம்மா. அவர் ஆசைப்படுவதைச் சாப்பிடக் கொடுங்கள்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. பெரியம்மா அதைக் குணமானதாகவே எடுத்துக்கொண்டார். "மறுபடி எப்போது காட்ட வர வேண்டும், டாக்டர்?" என்று கேட்டார். மருத்துவர் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். "தேவைப்பட்டால் வாருங்கள்" என்றார்.

படியிறங்கும்போது பெரியம்மா மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். "ஒரு மாதத்துக்குச் சேர்த்தே வாங்கிவிடு, தம்பி. அடிக்கடி அலைய வேண்டாம்."

வாங்கிக் கொடுத்தேன்.