தோளில் எதைத் தொங்கவிடுவது?

வணக்கம் நேயர்களே. கடலூரில் கேமராவோடு திரிகிறவன் நான். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள், "எந்தக் கேமரா வாங்கலாம்ண்ணே?" என்று கேட்பார்கள். "எந்த நேரத்துல படம் எடுப்பீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விடியற்காலை முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நின்று பாருங்கள். படகு கரையணைந்திருக்கும், கூடை கூடையாகச் சங்கரா இறங்கும், ஏலம் சூடுபிடித்திருக்கும். வெளிச்சமென்றால் மேலே எரிகிற ஒற்றை விளக்குதான். பாடியோடு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவோடு, சேர்த்துத் தருகிற 18-55 மி.மீ. ஜூம் லென்ஸைத் தூரத்தைக் கிட்டக் காட்டும் 55-க்குக் கொண்டுபோனால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு, எண் குறையக் குறைய வாய் பெரிசு. ஏலம் கூறுகிற அம்மா கையை வீசினால் படம் கலங்கிவிடும். எஃப் 1.8 வரை திறக்கிற 35 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள், ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/20 வினாடியில் எடுத்ததை 1/200-இல் எடுக்கலாம். அந்தம்மா விரலில் ஒட்டியிருக்கும் செதில்கூடத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பாடியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்.

பெரிய ஜூம் வேண்டாமா என்பீர்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஒருமுறை, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-300 மி.மீ. ஜூம் ஒன்றை மட்டும் நம்பிப் போனேன். துடுப்புப் படகு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் சுரபுன்னை வேர்கள் முகத்துக்கு நேரே வந்துவிட்டன. என் லென்ஸுக்கோ ஒன்றரை மீட்டராவது தள்ளியிருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். வேரில் ஏறிக்கொண்டிருந்த நண்டை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். பறவைக்காகவே போகிறவர்கள் எடுத்துப் போகட்டும். மற்றவர்களுக்கு நாள் முழுக்கக் கழுத்துவலிதான் மிஞ்சும்.

நம் கரையில் வாழ்கிறவர்கள் வாங்கும்போதே இன்னொன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வைத்த என் லென்ஸ் ஒன்றைத் தை மாதம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. துடைத்தாலும் தழும்பு போகவில்லை. மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் போதும். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். கடற்கரையிலிருந்து வந்தால் முதலில் புளோயரால், அதாவது அமுக்கினால் காற்றடிக்கிற ரப்பர் குமிழால், ஊதுங்கள், அப்புறம் துணியைத் தொடுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் விழும்.

விமானத்தில் போகிறவர்கள் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது.

புதுச்சேரியில் ஏசி அறையில் தங்கிவிட்டு, காந்தி சிலைப் பக்கம் சூரிய உதயம் எடுக்க ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். வெளியே வந்ததும் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னால் வராந்தாவில் வைத்துவிடுங்கள். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கேமராவுக்கும் வெளிக்காற்றுச் சூடு வந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.