பொதுவீடு: பிரிட்டனின் பப்புகளும் அவற்றின் சொந்தக்காரர்களும்

அவைத்தலைவர் அவர்களே, லண்டன் வாழ் தமிழ் நண்பர்களே, வணக்கம்.

இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், என் தெருமுனையில் ஒரு பப் இருந்தது. மதுவை நான் தொட்டதில்லை. ஆனாலும் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு வியாழக்கிழமை மாலை என்னைக் கையோடு அழைத்துச் சென்று அங்கே உட்கார வைத்தார். உள்ளே நுழைந்ததும் நிலக்கரி அடுப்பின் வெப்பம் முகத்தில் பட்டது. தரைக்கம்பளம் கவுன்டரின் அருகே மட்டும் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மூலைமேசையில் நான்கு முதியவர்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் பெயரை ஒருமுறை கேட்டார், இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார், அதன்பின் ஒருநாளும் மறக்கவில்லை. ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாற்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தேன். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குச் சற்று முன்னதாக அவர் கவுன்டருக்கு மேலே தொங்கிய பித்தளை மணியை அடித்து, கடைசியாகக் கேட்பவர்கள் கேட்கலாம் என்று குரல் கொடுத்தார். இன்று அந்தக் கட்டடத்தில் ஆறு ஃபிளாட்டுகள் இருக்கின்றன. பெயர்ப்பலகை தொங்கிய இரும்புக் கம்பி மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். அதை மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். பொதுவீடு என்பதே சரி. பெரும்பாலும் கடையை நடத்துபவரின் குடும்பம் மாடியில் குடியிருக்கும்; கீழ்க்கூடம் ஊருக்குத் திறந்திருக்கும். நடந்துபோகும் தூரத்தில், நம் முகம் தெரிந்த ஆட்கள் இருக்கும் பொதுவீட்டைத்தான் இங்குள்ளவர்கள் ‘லோக்கல்’ என்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்புகள் இருந்தன; இன்று சுமார் 45,000 இருக்கின்றன. குறைந்துபோன அந்தப் பதினைந்தாயிரத்தில் பெரும்பகுதி இத்தகைய தெருமுனைக் கடைகளே.

ஐம்பது வயதைக் கடந்த ஆங்கில நண்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் தங்கள் லோக்கலை மட்டுமல்லாமல், மறைந்துபோன சங்கிலிக் கடைகளையும் ஏக்கத்தோடு நினைவுகூர்வதைக் கேட்கலாம். அவற்றில் முதலிடம் பெர்னி இன்னுக்கு. உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய இறைச்சிப் பங்கீடு 1954இல் முடிந்தது. மறு ஆண்டே, இத்தாலிய வம்சாவளியினரான ஃபிராங்க், ஆல்டோ பெர்னி சகோதரர்கள் பிரிஸ்டல் நகரின் ‘தி ரம்மர்’ என்ற பழைய விடுதியில் முதல் பெர்னி இன் கடையைத் திறந்தார்கள். இறால் காக்டெயில், ஸ்டேக்கும் சிப்ஸும், முடிவில் பிளாக் ஃபாரஸ்ட் கேக் என்று உணவுப்பட்டியலைச் சுருக்கி, வீணாவதைக் குறைத்து, விலையைக் கட்டுக்குள் வைத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் பங்கீட்டு அட்டையோடு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள், வெளியே உணவகத்தில் அமர்ந்து உண்ணும் துணிவை முதன்முதலாகப் பெற்றது இங்கேதான். அதனால்தான் இன்றும் பெர்னி இன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்குத் திருமண நாளும் பிறந்தநாளும் நினைவுக்கு வருகின்றன. 1970இல் அது கிராண்ட் மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1995இல் விட்பிரெட் என்ற பீர் ஆலை நிறுவனம் வாங்கி, பல கடைகளைத் தன் பீஃபீட்டர் கடைகளாக மாற்றியது. அதே விட்பிரெட் 2024இல் பீஃபீட்டர், புரூவர்ஸ் ஃபேர் உணவகங்களில் பலவற்றை விற்கப்போவதாகவும், வேறு பலவற்றை ஹோட்டல் அறைகளாக மாற்றப்போவதாகவும் அறிவித்தது.

ஃபர்கின் கடைகளின் கதை எனக்கு இதைவிட வருத்தம் தருவது. ஃபர்கின் என்றால் ஒன்பது கேலன், அதாவது ஏறத்தாழ 41 லிட்டர் கொள்ளும் பீர்ப்பீப்பாய். பெரிய ஆலைகளின் ஒரே மாதிரியான பீர் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1979இல் டேவிட் புரூஸ் என்பவர் தெற்கு லண்டனில் ‘கூஸ் அண்ட் ஃபர்கின்’ என்ற கடையைத் திறந்து, அதன் நிலவறையிலேயே பீர் காய்ச்சினார். வந்தவர்கள் குடித்தது தங்கள் காலடியில் காய்ச்சிய பீர். 1988இல் அவர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் கிளைகளைப் பெருக்கினார்கள். கடைகள் மீண்டும் கைமாறிய 1999இல் பீர் காய்ச்சுவதே நின்றது. சில ஆண்டுகளில் பெயரும் மங்கியது. கடைகள் நஷ்டப்பட்டு மூடியதாக இதை யாரும் எண்ண வேண்டாம். விற்கவும் வாங்கவும் ஏற்ற சரக்காகக் கடைகள் மாறியதுதான் இங்கே நடந்தது.

அந்த மாற்றத்தின் வேர் 1989ஆம் ஆண்டின் ஓர் அரசாணையில் இருக்கிறது. அதுவரை பாஸ், விட்பிரெட், அல்லைடு, கரேஜ், கிராண்ட் மெட்ரோபாலிட்டன், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற ஆறு பெரிய பீர் ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்புகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தன. அவற்றில் குத்தகைக்கு இருப்பவர் அந்தந்த ஆலையின் பீரைத்தான் வாங்கவேண்டும். போட்டியை வளர்க்க விரும்பிய அரசு, 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அந்த எல்லைக்கு மேற்பட்டவற்றில் பாதியை 1992 நவம்பருக்குள் இந்தப் பிணைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் ஆணை கட்டுப்படுத்தியது பீர் காய்ச்சுபவர்களை மட்டுமே. ஆகவே, பீரே காய்ச்சாத என்டர்பிரைஸ், பஞ்ச் போன்ற புதிய நிறுவனங்கள் எழுந்து, ஆயிரக்கணக்கில் கடைகளைக் கடன் வாங்கி வாங்கின. குத்தகைதாரர் செலுத்தும் வாடகையும், அவர் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு அந்த நிறுவனத்திடமே வாங்கவேண்டியிருந்த பீரும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டின. ஆலைக்காரருக்குப் பப் தன் பீரை விற்கும் வாசல். அது மூடினால் அவருக்கு நஷ்டம். கடனில் நிற்கும் சொத்து நிறுவனத்துக்கோ அது ஒரு மனை. ஃபிளாட்டாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமென்றால் விற்பதே அதன் கணக்கு.

மற்றக் காரணங்களையும் நான் மறுக்கவில்லை. சூப்பர்மார்க்கெட்டின் மலிவு விலை, 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை, 2008 முதல் ஐந்து ஆண்டுகள் பணவீக்கத்தை மிஞ்சி உயர்ந்த பீர் வரி, பிறகு கொரோனாவும் மின்கட்டணமும் என எல்லாமே அடித்தன. என்றாலும், சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்தே அந்த அடியைத் தாங்கும் வலு ஒரு கடைக்கு அமைந்தது என்பது என் உறுதியான கருத்து.

பழையது அனைத்தும் இனிது என்றும் நான் சொல்லமாட்டேன். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு இந்தப் பொதுவீட்டின் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் பர்மிங்காம் அருகிலுள்ள ஸ்மெதிக் நகருக்கு வந்தபோது, இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அவரை ‘புளூ கேட்ஸ்’ என்ற பப்புக்கு அழைத்துச் சென்று, வெள்ளையருக்கு மட்டுமான அறை அங்கே இருப்பதைக் காட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த சட்டம் அத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்தது. பின்னாளில், மூடும் நிலையில் இருந்த பல கடைகளை அதே வட்டாரத்தில் பஞ்சாபியர்களே எடுத்து நடத்தி, கரியடுப்பில் சுட்ட கோழியும் மீனும் பரிமாறி உயிர்ப்பித்தார்கள். ஒருகாலத்தில் உள்ளே விடப்படாதவர்களின் பிள்ளைகள் இன்று அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. மேற்கு லண்டனில் கில்பர்னுக்கு அருகே கார்ல்டன் டேவர்ன் என்ற கடை, 1920களின் தொடக்கத்தில் கட்டியது. 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அது அறிவிக்கப்பட இருந்த நிலையில், உரிமை பெற்றவர்கள் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார்கள். ஆனால் அதற்கு முன்பே, அக்கம்பக்கத்தாரின் கவலையைக் கேட்ட பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு கட்டடத்தை விரிவாக ஆவணப்படுத்தி வைத்திருந்தது. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு, இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திருப்பிக் கட்டவேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் உத்தரவிட்டது. 2021 ஏப்ரலில் கடை மீண்டும் திறந்தது. தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற கடையை ஊர்மக்களே பங்குசேர்த்து 2013இல் வாங்கி, இன்றும் நடத்திவருகிறார்கள்.

ஐவி ஹவுஸ் மக்களுக்குக் கைகொடுத்தது 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். ஊருக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலில் சேர்க்குமாறு, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் 21 பேர் ஒன்றுகூடினால் உள்ளாட்சி மன்றத்தைக் கேட்கலாம். சேர்த்துவிட்டால் ஐந்து ஆண்டுகள் அது பட்டியலில் இருக்கும். சொந்தக்காரர் விற்க முனையும்போது, வாங்க விரும்புவதாக ஊர்க்குழு தெரிவித்தால், பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். என் தெருமுனைக் கடை மூடியபோது இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. டோமினோ ஆடிய அந்த நால்வருக்கும் தெரியாது. இந்த அரங்குக்கு மூன்று தெரு தள்ளி இன்னும் ஒரு பப் திறந்திருக்கிறது. வரும் வழியில் பார்த்தேன். சன்னலில் விளக்கு எரிந்தது. விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்திருக்கிறேன், பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் இந்தப் பகுதியின் வாக்காளர்கள் 21 பேருக்கு மேல் நிச்சயம் இருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.