191 என்ற எண்ணுக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஓர் எண்ணில் தொடங்குகிறேன்: 191.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீடு என்ற கணக்கை முன்வைத்தார். உங்கள் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் குறியீடு 10. அவ்வளவுதான். இயற்பியலில் அவர் காட்டிய மிக உயர்ந்த எண் எட்வர்ட் விட்டனின் 110. உயிரியலில், மருத்துவ நோபல் பெற்ற டேவிட் பால்டிமோருக்கு 160. அவருக்கும் மேலே, பட்டியலின் உச்சியில் சாலமன் ஸ்னைடர் இருந்தார். 191 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 191 முறையாவது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூளை ஏற்பிகளை, அதாவது மருந்துகள் போய்ப் பிடிக்கும் இடங்களை, ஆராய்ந்தவர். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

எண் பெரியதுதான். ஆனால் ஏன் இத்தனை பேர் இவரை எடுத்தாண்டார்கள்? அதைத்தான் நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அவருடைய முறை தேவைப்பட்டது!

1973க்குப் போவோம். மார்ஃபின் வலியைக் குறைக்கிறது என்றால் மூளையில் அது போய் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம்தான் ஏற்பி. ஆனால் யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை. மருந்து கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியது. ஸ்டான்ஃபோர்டில் அவ்ராம் கோல்ட்ஸ்டைன் 1971இல் முயன்றபோது, ஒட்டியதில் சுமார் 2 சதவீதம்தான் உண்மையான ஒட்டுதலாகத் தெரிந்தது.

ஸ்னைடரின் ஆய்வகத்தில் கேண்டஸ் பெர்ட் என்ற ஆராய்ச்சி மாணவி என்ன செய்தார், கேளுங்கள். மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, அரைத்த எலி மூளையோடு கலந்தார். பிறகு அதை வடிதாளில் ஊற்றி உறிஞ்சி, குளிர்ந்த கரைசலால் சட்டென்று அலசினார். இந்த 'சட்டென்று' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையில் பட்ட மஞ்சளை உடனே கழுவினால் மேலாக இருக்கும் தூள் போய்விடும், பிடித்த கறை நிற்கும் அல்லவா? அப்படி, சும்மா ஒட்டிய மருந்து ஓடிவிட்டது, ஏற்பியில் பிடித்தது நின்றது. தாமதித்தால் அதுவும் கழன்று போயிருக்கும். வடிதாளில் மிஞ்சிய கதிரியக்கத்தை அளந்தால் ஏற்பி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அது ஏற்பிதான் என்று எப்படி நம்புவது? லெவோர்ஃபனால் என்ற மருந்து வலி போக்கும். அதன் கண்ணாடிப் பிம்பமான டெக்ஸ்ட்ரார்ஃபன் போக்காது. முன்னது நலாக்சோனை வெளியேற்றியது, பின்னதால் முடியவில்லை. வடிவம் பொருந்தினால்தான் பிடிக்கிறது, அப்படியானால் அது ஏற்பிதான். இந்த ஒரு சோதனைக்காகவே நான் அந்தக் கட்டுரையை விரும்புகிறேன். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும் சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரினியஸும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

சரி, மேற்கோளுக்கு வருவோம். அரைத்து, கலந்து, வடித்து, அளந்தால் ஒரு மருந்து எந்த ஏற்பியில் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். மனநோய் மருந்துகளில் ஹாலோபெரிடால் சில மில்லிகிராமே போதும், குளோர்ப்ரோமசினோ நூற்றுக்கணக்கில் வேண்டும். ஏன்? மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருளுக்கான ஏற்பியை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு குறைந்த அளவு போதும். 1976இல் ஸ்னைடரின் குழு இதைக் காட்டியது, டொரன்டோவில் பிலிப் சீமனும் காட்டினார். மருந்து தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் எடுத்தாண்டார்கள்.

ஆனால் 1978இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும், மூளையே உண்டாக்கும் மார்ஃபின் போன்ற பொருளைக் கண்டறிந்த ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவருக்கும் மட்டுமே கிடைத்தது. பெர்ட்டுக்கு இல்லை. அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நியாயம் அவர் பக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். 191 என்ற எண்ணுக்குள் பெர்ட்டின் கை எங்கே என்று எந்தக் குறியீடும் சொல்லாது.

நேரம் முடிகிறது. ஸ்னைடர் வாயுக்களைப் பற்றிச் செய்ததை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு வரிதான் முடியும்: 1990இல் அவரும் டேவிட் ப்ரெட்டும் மூளையில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஏராளமாக எடுத்தாளப்பட்டது. நன்றி, வணக்கம்.