கெய்ரின் ஃபிரேமுக்கு வீட்டிலேயே புது பெயிண்ட்: லக் ஓரம் மழுங்கக் கூடாது

[காட்சி: மேசை மேல் வெறும் ஃபிரேம். கேமரா பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பக்கத்தை நெருங்குகிறது.]

வணக்கம். இது ஜப்பானில் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட ஸ்டீல் ட்ராக் ஃபிரேம். பாட்டம் பிராக்கெட்டுக்கு, அதாவது பெடல் அச்சு உட்காரும் இடத்துக்கு, அடியில் ஃபிரேம் நம்பர் இருக்கிறது, கூடவே என்.ஜே.எஸ். என்ற முத்திரை. பந்தயத்தில் ஓட்ட அனுமதி பெற்றது என்று அதற்கு அர்த்தம்.

கெய்ரின் 1948-ல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கியது. யார் ஜெயிப்பார் என்று மக்கள் பணம் வைத்துப் பந்தயம் கட்டுகிற போட்டி. அதனால் யாருக்கும் சைக்கிளாலேயே சாதகம் கிடைத்துவிடக் கூடாது என்று ஃபிரேம், கிராங்க், ஹப் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். உலகம் கார்பனுக்குப் போன பிறகும் அங்கே வழக்கமான ஆண்கள் பந்தயத்தில் ஸ்டீல் ஃபிரேம்தான். கைவேலையாகச் செய்கிற பட்டறைகள் பிழைத்திருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். நகானோ கோய்ச்சி 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 முறை தொழில்முறை ஸ்பிரிண்டில் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு ஃபிரேம் செய்து கொடுத்தவர் நாகசாவா யோஷியாகி. அந்த மரபில் வந்த பொருளைத்தான் நாம் கையில் எடுக்கிறோம்.

[காட்சி: ஹெட் டியூப் லக், மிக அருகில்.]

இந்த இடத்தைப் பாருங்கள். டாப் டியூப், அதாவது மேல் குழாய், வந்து சேருகிற லக். குழாய்களை இணைக்கும் உலோக உறைதான் லக். ஃபிரேமைச் செய்தவர் இதன் ஓரத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கியிருக்கிறார். நகத்தை வைத்து இழுத்தால் லேசாகத் தடுக்கும், அவ்வளவுதான். கனமாக நாலு கோட் அடித்தால் இந்த ஓரம் காணாமல் போய்விடும். முத்திரையும் அப்படித்தான், நிரம்பிவிடும். பவுடர் கோட்டிங் உறுதியானது என்றாலும் இந்த மாதிரி ஃபிரேமுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அது தடிமனாக உட்கார்ந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா? பழைய பெயிண்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாலிஷ் போட்டு, உரிந்த இடங்களை மட்டும் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள். பட்டறையின் முதல் பெயிண்டை ஒரு தடவை உரித்துவிட்டால் திரும்ப வராது.

சரி, அடித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கெய்ரினில் விழுவது சகஜம். ஆகவே முதலில் ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டவுன் டியூபின், அதாவது சாய்ந்து இறங்கும் கீழ்க் குழாயின், அடியில், ஹெட் லக்குக்குச் சற்றுப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத புடைப்பு விரலுக்குத் தெரியும். அப்புறம் ஒரு நூலை ஒரு பக்கத்துப் பின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் பிளவில்) கட்டி, முன்னால் உள்ள ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்கத்து டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் டிராப்அவுட்டுகளுக்கு நடுவே 120 மி.மீ. இருக்க வேண்டும். புடைப்போ விரிசலோ இருந்தால் ஃபிரேம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பட்டி வைத்து மூடுகிற வேலை இது இல்லை.

[காட்சி: ஸ்டிக்கர் பக்கத்தில் ஸ்கேல்.]

உரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் லக் ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். பெயிண்ட் போனபின் அந்தக் கணக்கு எங்கும் கிடைக்காது.

உரிப்பதில் அவசரம் ஆகாது. டியூபின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது, நடுப்பகுதியில் இன்னும் மெலிவு. கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். பெயிண்ட் ரிமூவரைத் திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு தடவி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த ரிமூவரை வீட்டில் தொடாதீர்கள், மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள், தூசி பறக்கக் கூடாது.

ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) முனையிலோ டிராப்அவுட்டிலோ குரோம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பளபள குரோம் மேல் பெயிண்ட் ஒட்டவும் ஒட்டாது.

பின் சக்கரத்தைப் பிடிக்கும் மெல்லிய குழாய்களான ஸ்டேகளில் சின்ன காற்றுத் துளைகள் இருக்கும். அது வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஃபிரேமைத் திருப்பித் திருப்பி வடித்து, முழுக்கக் காயவிடுங்கள். வெறும் ஸ்டீல் சீக்கிரமே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கடைசியாகத் தேய்த்த அன்றே எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமர் அடித்துவிடுங்கள். அதற்கு முன் பாட்டம் பிராக்கெட் மரை, ஹெட் டியூபின் இரண்டு வாய், சீட் டியூபின் உள்பக்கம், சக்கர நட் உட்காரும் டிராப்அவுட் முகங்கள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். டிராப்அவுட் முகத்தில் பெயிண்ட் இருந்தால் நட்டை இறுக்கும்போது நசுங்கும், சக்கரம் நகரும்.

[காட்சி: கம்பியில் தொங்கும் ஃபிரேம். ஸ்ப்ரே கேன் நகர்கிறது.]

இப்போது பெயிண்ட். கேனை இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். டியூபில் தொடங்காதீர்கள். பாட்டம் பிராக்கெட்டின் சந்து, சீட் ஸ்டே சேரும் இடம், லக் மடிப்புகள், இவற்றுக்குப் பல கோணத்திலிருந்து மெல்லிய தூவல் கொடுத்துவிட்டு, அப்புறம் நீளமான டியூபுகளுக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் சந்துகளுக்காகத் திரும்பத் திரும்ப அடித்து டியூபில் வழியும். முதல் கோட் முடிந்ததும் பிரைமர் நிறம் அங்கங்கே தெரியத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்த கோட். மழை ஈரம் நிறைந்த நாளில் வேண்டாம், பெயிண்ட் வெளுத்துப் போகும்.

கெய்ரின் ஃபிரேம்களில் மினுமினுக்கும் கேண்டி நிறங்கள் நிறைய உண்டு. வெள்ளி நிறத்து மேல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறம் அது, கை ஒரு இடத்தில் இரண்டு முறை போனால் அங்கே மட்டும் அடர்ந்துவிடும். முதல் முறை செய்கிறவர்கள் சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஒரே சாதாரண நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல லக் இருக்கிற ஃபிரேமுக்கு அது போதும், அழகாகவே இருக்கும்.

நிறம் காய்ந்தபின் ஸ்டிக்கர், அதன் மேல் கிளியர் கோட். இரண்டு பொருள் கலக்கும் 2கே கிளியர்தான் உறுதியானது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. அந்த ஒரு வேலையை மட்டும் பூத் வைத்திருக்கிற கார் பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். மெல்லிய கோட் போதும் என்று மட்டும் அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சாதாரண லாக்கர் கிளியர் அடித்தால் கை வைத்துப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பல வாரம் மென்மையாகவே இருக்கும். அதுவரை எந்தக் கிளாம்பும் மாட்டாதீர்கள். ஹெட்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் கப்புகளை, அழுத்துவதற்கு முன் ஹெட் டியூப் வாயைச் சுற்றிப் பெயிண்ட் விளிம்பைப் பிளேடால் ஒரு கீறு கீறிவிடுங்கள், இல்லையென்றால் கப் இறங்கும்போது பெயிண்டையும் சேர்த்து உரிக்கும். ஜப்பான் ஃபிரேமில் பெரும்பாலும் செயின் பக்கத்து பாட்டம் பிராக்கெட் கப் இடது மரை, கிரீஸ் தடவி எதிர்த் திசையில் சுற்றுங்கள்.

இந்த ஃபோர்க்கில் பிரேக்குக்கான துளை இல்லை, பந்தயத் தடத்தில் பிரேக் கிடையாது. ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் பிரேக் கட்டாயம், ஜப்பானில் சட்டமே இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் கேட்கிறது. அதற்காக ஃபோர்க் கிரவுனில், அதாவது கவையின் இரண்டு கால்களும் சேரும் மேல்பகுதியில், துளை போட்டுவிடாதீர்கள். துளையுள்ள வேறு ஃபோர்க்கைச் சாலைக்கென்று மாட்டுங்கள், அசல் ஃபோர்க்கை லேசாக எண்ணெய் தடவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பின்பக்கத்துக்கு, ஃபிரேமைத் துளைக்காமல் டியூபில் கவ்விப் பொருத்துகிற பிரேக் அடாப்டர்கள் கிடைக்கின்றன. புது பெயிண்ட் மேல் அதை மாட்டும்போது அடியில் மெல்லிய ரப்பர் வைக்க மறக்காதீர்கள்.