கிட்டாரின் பிரதி மத்யமமும் பாட்டில்லாத படமும்

நேயர்களுக்கு வணக்கம். ஹெவி மெட்டல், அதாவது கிட்டாரும் டிரம்மும் காதைப் பிளக்கிற மேல்நாட்டு ராக் இசை, என்றதும் அடுப்படியில் இருக்கும் ஆச்சிமார் ரேடியோவை அணைக்கக் கை நீட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மெட்டல் எதையும் இப்போது ஒலிபரப்பப் போவதில்லை, பேச்சு மட்டும்தான்.

மெட்டல் ஆல்பம் ஒரு பக்கம். வெளியானபோது கூட்டம் வராமல், பின்னால் ஒரு சின்னக் கூட்டம் விடாமல் தூக்கிப் பிடிக்கிற 'கல்ட்' படம் இன்னொரு பக்கம். இரண்டையும் கத்தரிக்காமல், ஆக்கியவர் வைத்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. துண்டு துண்டாய்க் கேட்டால் இரைச்சல்தான், துண்டு துண்டாய்ப் பார்த்தால் கிறுக்குத்தனம்தான்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஓர் ஆலை நகரம். அங்கே டோனி அயோமி என்ற கிட்டார்காரருக்குப் பதினேழு வயதில், தகடு வேலை செய்யும் ஆலையில் வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அவர் இடதுகைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கையே வலது கைதான், கவனியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனமான தந்தியை அழுத்தினால் வலி, அதனால் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு 1971இல் வந்த தம் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில், தந்தியை இன்னும் தளர்த்தி மூன்று அரைஸ்வரம் கீழே இறக்கினார். கிட்டாரின் அடித்தந்தி சாதாரணமாக 82 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 82 அதிர்வு. இறக்கினால் 69. பின்னால் வந்த மெட்டல்காரர்கள் பாதிப் பேர் தேடிப்போன கனம் அந்த இறக்கத்தில் இருக்கிறது.

அவருடைய குழுவுக்கு முதலில் வேறு பெயர். பயிற்சி செய்த இடத்துக்கு எதிரே ஒரு தியேட்டரில் பேய்ப்படம் ஓடியது. பயப்படுவதற்கென்றே ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்: பிளாக் சப்பாத். முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13இல் வந்தது. அதன் முதல் பாட்டுக்கும் அதே பெயர். அதில் மூன்றே ஸ்வரம்: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், நடுவே இறங்கி, பஞ்சமத்துக்கு அரைஸ்வரம் கீழே நிற்கிற பிரதி மத்யமம். அவ்வளவுதான்!

கச்சேரி கேட்டுப் பழகிய அப்பச்சிமார் கேட்பீர்கள், பிரதி மத்யமம் கல்யாணியிலும் இருக்கிறதே, அங்கே இனிக்கிறதே என்று. கல்யாணியில் அதற்கு ஒரு பக்கம் காந்தாரம், மறுபக்கம் பஞ்சமம், சாய்ந்துகொள்ள இடம் உண்டு. இங்கே அதைத் தனியே நிறுத்தி நடுங்க விட்டிருக்கிறார்கள். பஞ்சமத்துக்குப் போகுமா என்று காது காத்திருக்கும், போகாது. பயம் அங்கேதான் பிறக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெட்டல் கிட்டாரில் பெரும்பாலும் சேர்த்து மீட்டுவது சட்ஜமும் பஞ்சமமும்தான், தம்புராவில் கேட்கிற அதே ச-ப. ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும்போது காந்தாரத்தையும் சேர்த்தால் கலங்கிவிடும். ச-ப மட்டும் கலங்காமல் நிற்கும். இரைச்சல் என்கிறார்களே, அதற்குள்ளே சுருதி சுத்தமாய் இருக்கிறது.

பெயர் கொடுத்த படத்துக்கு வருவோம். இத்தாலியர் மாரியோ பாவா 1963இல் எடுத்தது, மூன்று கதைகள். இத்தாலியப் பிரதியின் கடைசியில், குதிரையில் பாய்ந்து போகிற நடிகர் போரிஸ் கார்லாஃபைக் காட்டிக்கொண்டே கேமரா பின்வாங்கும். குதிரை பொம்மை. மரக்கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், அதுதான் காடு! அமெரிக்கப் பிரதியில் இந்தக் காட்சி கிடையாது, கதைகளின் வரிசையும் மாறியிருக்கும், இசையும் வேறு. ஆகவே எந்தப் பிரதி என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மறுவருஷமே நம் எஸ். பாலச்சந்தர், 'பொம்மை' படத்தின் முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை ஒவ்வொருவராய்த் திரையிலேயே அறிமுகம் செய்தார். வீணை பாலச்சந்தரேதான். அவர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்', பாட்டும் ஆட்டமும் சண்டையும் இல்லாத படம். தயாரித்தவர் நம் காரைக்குடி ஏவி. மெய்யப்பன். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்து 'நாம் இருவர்' எடுத்தவர் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாட்டுகளால் பேர் வாங்கிய நிறுவனம் பாட்டே இல்லாமல் எடுத்தது! முதலில் வசூல் இல்லை, தேசிய விருது வந்த பிறகுதான் மதிப்பு. ஒரே கொலையை ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்கிற கதை. பத்து நிமிஷம் தள்ளிவிட்டுப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

சரி, வீட்டில் எப்படிக் கேட்பது? ஃபோனின் ஸ்பீக்கரில் வேண்டாம். 69 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது, மேலே உள்ள கரகரப்பு மட்டும் மிஞ்சும். இரைச்சல் என்ற பேர் பாதி அதனால்தான் வந்தது. நம் ஊர் வீடுகளில் வேறொரு சிக்கல். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சு, கல்தூண், உயரமான கூரை. ஒலி எதிலும் அடங்காமல் திரும்பித் திரும்பி வரும். நாகஸ்வரத்துக்கு அது அழகு. இரண்டு காலாலும் டிரம்மை வேகமாய் மிதிக்கிற மெட்டலில் ஒரு அடியின் எதிரொலி அடுத்த அடியில் ஏறிக் குழம்பிவிடும். அதனால் பட்டாலை என்கிற பெரிய கூடம் வேண்டாம், சின்ன அறையாய்ப் பாருங்கள். தரையில் கெட்டி ஜமுக்காளம், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் பழைய மெத்தையோ கனத்த போர்வையோ. ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் அடிஒலி ஊதிப்போகும், சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் தள்ளி உட்காருங்கள். அடிஒலியை ஏற்றுகிற 'பேஸ் பூஸ்ட்' பட்டனைத் தொடாதீர்கள்.

இன்னொரு குறையை நீங்கள் சரிசெய்ய முடியாது. மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்'. சத்தமாய்க் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றி ஏற்றி, டிரம் அடியின் உச்சி எல்லாம் கலசம் அறுந்த கோபுரம் மாதிரி தட்டையாகிவிட்டது. வால்யூமைக் குறைத்தாலும் போன உச்சி திரும்பாது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் கூடுதல் தெளிவாய் இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்து மனுவே போட்டார்கள். 'ரீமாஸ்டர்', அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்டது, என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். பழைய பிரதியையும் புதியதையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் சத்தமானதே நல்லதாய்த் தெரியும்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். 'ஆரண்ய காண்டம்' படத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். 2011, அதிலும் பாட்டில்லை, தியேட்டரில் நிற்கவில்லை, தேசிய விருது வாங்கியது. பாருங்கள். மெட்டலில் புதியவர்கள் அயர்ன் மெய்டனின் 1982 ஆல்பத்தில் தொடங்கலாம், குரல் தெளிவு, மெட்டும் பிடிபடும். அடுத்து மெட்டாலிகாவின் 1986 ஆல்பம், எட்டே பாட்டு. ஸ்லேயர் கடைசியில்தான். அவர்களுடைய 1986 ஆல்பம் மொத்தமே 29 நிமிஷம், கேசட்டின் ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடுவதால் மறுபக்கத்திலும் அதையே பதித்துக் கொடுத்தார்கள். முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். வணக்கம்.