15 தாள், 480 முக்கோணம், ஒரு அன்னம்

(திரையில்: மேசை மேல் ஒரு வெள்ளைக் காகித அன்னம். ஒரு கை அதைத் தூக்கி உலுக்குகிறது. எதுவும் உதிரவில்லை.)

இந்த அன்னத்துல பசையும் கிடையாது, ஸ்டேப்ளர் பின்னும் கிடையாது. 480 சின்ன முக்கோணம், எல்லாம் ஒரே மடிப்பு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பிடிப்பு எங்கேருந்து வருதுன்னு புரிஞ்சுட்டா பூச்சாடி, மயில்னு எது வேணும்னாலும் கட்டலாம்.

ஒரு ஏ4 தாளைப் பாதியா மடிச்சுக் கிழிங்க. அதைத் திரும்பப் பாதி. இப்படி 5 தடவை. 32 துண்டு வரும். ஏ4 தாளை எத்தனை தடவை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது, அதனால ஓரம் வீணாகாது. 15 தாள் போதும். 40 பிள்ளைங்க இருக்கிற வகுப்புன்னா ஆளுக்கு 12 முக்கோணம்தான். சார்ட் பேப்பர் மட்டும் வேண்டாம், மடிப்புல வெடிச்சிடும். பழைய வினாத்தாள் தாராளமா எடுக்கலாம்.

(திரையில்: விரல்கள் மட்டும், மிக நெருக்கத்தில்.)

நீளவாக்குல பாதியா மடிங்க. மடிப்பு மேல இருக்கட்டும். நடுவுலேருந்து ரெண்டு பக்கத்தையும் கீழே இறக்குங்க, கூரை மாதிரி வரும். திருப்பிப் போட்டா கூரைக்குக் கீழே ரெண்டு கால் தொங்கும். அதோட வெளி மூலையை உள்ளே மடக்கி, காலை மேலே தூக்கி மடிங்க. கடைசியா நடுவுல ரெண்டா மடிக்கணும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால அழுத்தி ஒரு இழுப்பு இழுங்க. இப்போ கையில இருக்கிறதைப் பாருங்க: ரெண்டு கூர்முனை, ரெண்டு பை.

ரெண்டு முக்கோணத்தைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணோட வலது முனையும் இன்னொண்ணோட இடது முனையும் மூணாவது முக்கோணத்தோட ரெண்டு பைக்குள்ள போகணும். கொத்தனார் செங்கல் அடுக்குற மாதிரிதான், கீழ் வரிசை இடுக்கு மேல மேல் கல் உட்காரும். மடிச்ச காகிதம் எப்பவும் விரியத்தான் பார்க்கும். பைக்குள்ள போன முனை விரிஞ்சு பையோட சுவரைத் தள்ளும். அந்தத் தள்ளலும் உராய்வும்தான் இங்கே பசை.

வகுப்புல ஒரு கதையைச் சொல்லாம நான் இதை ஆரம்பிக்கிறதே இல்லை. 1993 ஜூன் 6, நியூயார்க் ராக்அவே கடற்கரையில கோல்டன் வென்ச்சர்ங்கிற கப்பல் தரை தட்டுச்சு. சீனாவிலேருந்து பிழைப்பு தேடி வந்த 286 பேர் அதுல இருந்தாங்க. 10 பேர் இறந்துட்டாங்க. பிழைச்சவங்கள்ல பலரைப் பென்சில்வேனியாவுல யார்க் கவுண்டி சிறையில வெச்சாங்க. கடைசியா இருந்தவங்க வெளியே வர 1997 பிப்ரவரி ஆயிடுச்சு. அங்கே பத்திரிகைத் தாளையும் குறிப்பேட்டுத் தாளையும் இதே மாதிரி மடிச்சு அன்னாசி, கழுகு, கப்பல்னு செஞ்சாங்க. காசு வாங்காம வாதாடின வக்கீல்களுக்குக் கொடுக்கத்தான் முதல்ல செஞ்சாங்க. அதனாலதான் இதுக்கு அமெரிக்காவுல கோல்டன் வென்ச்சர் மடிப்புன்னே பேரு.

(திரையில்: முதல் வளையம் கையிலிருந்து உதிர்கிறது.)

முதல் ரெண்டு வரிசை இப்படித்தான் உதிரும். பிள்ளைங்க சோர்ந்துபோறது இங்கேதான், பக்கத்துல உட்கார்ந்துக்கோங்க. ரெண்டு வரிசையையும் சேர்த்தே கோத்துட்டு, பூச்சரம் மாதிரி நீட்டி, கடைசியில வட்டமா இணைங்க. மூணாவது வரிசை ஏறினதும் கையை எடுக்கலாம். பிறகு கட்டைவிரலால உள்ளேருந்து மெதுவா வெளியே தள்ளினா கிண்ணமா விரியும், அதுதான் உடம்பு. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் வரிசைக்கு ஒண்ணு குறைச்சுக்கிட்டே போனா இறக்கை.

கழுத்துக்கு மட்டும் செங்கல் முறை கிடையாது. ஒரு முக்கோணத்தோட ரெண்டு முனையும் அடுத்ததோட ரெண்டு பைக்குள்ளேயே போகும். கோக்கக் கோக்க கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுட்டே வாங்க, முழுசா கோத்துட்டு வளைச்சா நடுவுல கழண்டுடும்.

தலைக்கு ஒரே ஒரு சிவப்பு முக்கோணம் எடுத்து வெச்சிருக்கேன். அது அலகு.